இடைவெளி, மீட்டரில்

படிவத்தின் ஒன்பதாம் கட்டம் கேட்கிறது:
நெருங்கியபோது இடைவெளி எவ்வளவு?
மீட்டரில்.

மயிரிழை என்று அடித்தால்
ஏற்றுக்கொள்ளாது.
எண் வேண்டும் அதற்கு.

ஷம்மா பதினைந்து என்றாள்.
கேப்டன் ஓதியம்போ
பத்துக்கும் கீழே என்றார், அப்புறம்
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு
ஐந்து என்றார்.
நான் பத்து என்று தட்டினேன்.
கணக்கு எழுத வந்தவனுக்கு
இவ்வளவு அதிகாரம் உண்டென்று
எனக்கே அன்றுதான் தெரியும்.

உம் அல் குவைன், ஞாயிறு,
காலை ஏழு பத்து.
காயல்மேல் ஈரம்
பிழியாத துணியாய்த் தொங்கும் நேரம்.
பயிற்சி விமானம் இடப்பக்கம் சாய்ந்து திரும்ப,
அலையாத்திப் பச்சைக்குள்ளிருந்து
கறுப்பாய் ஒன்று ஏறிவந்து
நின்றது.

"பறவை என்றால் விலகும்" என்றாள் ஷம்மா.
"அது விலகவில்லை.
என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது."

தரையிறங்கி வந்தவளால்
தண்ணீர் பாட்டில் மூடியைத்
திருக முடியவில்லை.
நான் திறந்து கொடுத்தேன்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

பதினான்காம் கட்டம்: டிரோனை இயக்கியவர் பெயர்.
தெரியவில்லை என்று அடித்தேன்.
அடிக்கும்போது
அது உண்மை.

அறையில் மேல்கட்டில் என்னுடையது.
கீழே ஜெபஸ்டின்.
ஆறு நாள் டைல்ஸ் பெட்டி தூக்குவான்.
ஏழாம் நாள்
யாராவது கல்யாணத்தை, யார் பிள்ளையின்
முதல் பிறந்தநாளையாவது
வானத்திலிருந்து எடுத்துக் கொடுப்பான்.
டிரோனுக்கு இன்னும் நாலு தவணை பாக்கி.
துண்டு விரித்துத்
தலைமாட்டிலேயே வைத்துக்கொள்வான்.

"அண்ணே, இறங்கி வாங்க.
இன்னைக்குப் பூநாரை மாட்டுச்சு."

கடல் வந்தது. காயல் வந்தது.
ரோஜா நிறத்தில் ஒரு கூட்டம்
ஒற்றைக்காலில் நின்று
எதையோ யோசித்தது.
கல்யாண வீடியோவின் தொடக்கத்தில் ஒட்டி
மேலே நாதஸ்வரம் போடப் போகிறானாம்.

பிறகு திரையின் மூலையை
வெள்ளையாய் ஒன்று
கிழித்துக்கொண்டு போனது.

"ஏதோ கொக்குண்ணே. வெட்டிருவேன்."

கொக்குக்கு வாலில் எழுத்து இருக்காது.
அந்த எழுத்துகளைக் காலையில்
மூன்று முறை தட்டியவன் நான்.

நிறுத்து என்றேன்.
பின்னால் போ.
இன்னும் கொஞ்சம்.

ஒரே ஒரு ஃபிரேம்:
கண்ணாடிக்குப் பின்னால்
நெல்மணி அளவு முகம்.
வாய் திறந்திருந்தது.

ஜெபஸ்டின் இரு விரலால் பெரிதாக்கினான்.
முகம் சதுரங்களாய் உதிர்ந்தது.
சுருக்கினான், மீண்டும் முகம்.
பெரிதாக்கினான், சதுரங்கள்.
அப்படியே
ரொம்ப நேரம்.

விளக்கணைத்த பிறகு கேட்டான்:
"உங்க ஆபீஸ் பிளேனா?"
ஆமாம்.
"பொம்பளப் பிள்ளையா?"
ஆமாம்.
"நல்லாருக்கா?"
தண்ணி குடிச்சா என்றேன்.
வேறென்ன சொல்வது.

ஏசி விட்டுவிட்டு இரைந்தது.
கட்டில் ஒருமுறை ஆடியது.
புரண்டு படுத்தானா, வேறு எதுவுமா,
எட்டிப் பார்க்கவில்லை.
மேல்கட்டிலுக்கும் கீழ்க்கட்டிலுக்கும் நடுவே
டேப் வைத்து அளந்தால்
தொண்ணூறு சென்டிமீட்டர் வரும்.
மீட்டரில் சொன்னால்
ஒன்றுகூட இல்லை.

படிவத்தை அனுப்ப
செவ்வாய் வரை நேரம் இருந்தது.
பிடிபட்டால் அபராதம் எத்தனை தவணை என்றும்,
விசாவில் என்ன முத்திரை விழும் என்றும்
இருட்டில் கூட்டிப் பார்த்தேன்.
அந்த முகத்தைக்
கழிக்கத் தெரியவில்லை.

விழித்தபோது அவன்
கடைக்குப் போயிருந்தான்.
என் செருப்புக்குப் பக்கத்தில்
துண்டில் சுற்றிய டிரோன்,
நான்கு இறக்கையும் கழற்றி
ரப்பர் பேண்ட் போட்டு.
மேலே டைல்ஸ் கடை பில்லின் பின்புறம்,
பாஸ்போர்ட்டில் உள்ளபடி,
அப்பா பெயரோடு சேர்த்து,
தன் முழுப்பெயர்.

பேருந்தில் நின்றபடி
அதன் எழுத்துகளை எண்ணிக்கொண்டு வந்தேன்,
பதினான்காம் கட்டத்தில்
அடங்குமா என்று.